பள்ளம் தேடும் தொழிற்பேட்டை

தும்கூர் ரோடு மேம்பாலத்தில் விரைகிறவர்களுக்கு பீன்யா என்றால் லேத் பட்டறை, லாரி, புழுதி. ஆனால் இந்தப் பட்டறைகளுக்கு நடுவேதான் இருக்கிறது இஸ்ரோவின் இஸ்ட்ராக். செயற்கைக்கோள்களுக்குக் கட்டளைகள் இங்கிருந்துதான் போகின்றன.

பொருத்தமான இடம்தான். 1975 ஏப்ரல் 19-ல் விண்ணுக்குப் போன ஆர்யபட்டாவை யு.ஆர். ராவின் குழு உருவாக்கியது பீன்யாவின் தொழிற்கூட ஷெட்டுகளில். தகவல் பெற இடமில்லாமல் பெங்களூரில் ஒரு கழிப்பறையையே அதற்காக மாற்றி அமைத்தார்கள்.

இன்றைய கவனம் நிசார் மீது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கி 2025 ஜூலை 30-ல் ஏவிய இந்த ரேடார் கோள், 747 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி 12 நாட்களுக்கொரு முறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. இரு முறையும் திரும்பி வந்த அலைகளை ஒப்பிட்டால், தரை சென்டிமீட்டர் கணக்கில் இறங்கியிருந்தாலும் பிடிபட்டுவிடும்.

பெரும் பள்ளங்கள் சில, விழுவதற்கு முன்பே ஜாடை காட்டுகின்றன. அமெரிக்காவின் லூசியானாவில் 2012 ஆகஸ்டில் உப்புச் சுரங்கம் ஒன்று சரிந்து பேயூ கோர்ன் கிராமத்தருகே நிலம் உள்வாங்கியது. நாசா விமானம் முன்னரே எடுத்திருந்த ரேடார் படங்களைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, தரை 26 செ.மீ. வரை பக்கவாட்டில் நகர்ந்திருந்தது தெரிந்தது. படம் இருந்தது, உரிய நேரத்தில் யாரும் தேடவில்லை.

பெங்களூருக்கு இந்த வித்தை அவ்வளவாக உதவாது. நகரம் நிற்பது கெட்டிப் பாறை மேல். சுண்ணாம்புப் பாறை கரைந்து தானாகக் குழி விழும் பூமி அல்ல இது. 2023 ஜனவரியில் பிரிகேட் ரோட்டில், மெட்ரோ சுரங்கப்பணி நடந்த பகுதியில், சாலை உள்வாங்கி பைக்கில் வந்தவர் விழுந்தாரே, அந்த மாதிரிக் குழிகள் ரேடார் கண்ணுக்கு மிகச் சிறியவை.

அதே மாதம் ஜோஷிமட்டில் வீடுகள் பிளந்தன. அங்கே கோள் சரியாகவே பார்த்தது. 2022 டிசம்பர் 27-லிருந்து 12 நாட்களில் 5.4 செ.மீ. இறக்கம் என்று ஹைதராபாத்தின் தேசிய தொலையுணர்வு மையம் வெளியிட்டது. ஓரிரு நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து மறைந்தது. மக்கள் குழம்புகிறார்கள் என்று சொல்லி, தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களுக்கு வாய்ப்பூட்டு போட்டது. விரிசல் விட்ட சுவருக்குள் படுத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய குழப்பம் என்ன இருந்திருக்கும்?

நிசாரின் விதி வேறு. அதன் தரவுகளை உலகில் யாரும் இலவசமாகப் பெறலாம். பதிவான ஓரிரு நாளில், பேரிடர் என்றால் சில மணி நேரத்தில்.