நாலு ஓட்டைதானே!

கோழி அறுக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பிச்சு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரலோடு ஒட்டிக்கொண்டு கரும்பச்சையாக இருக்கும் சின்னப் பை. உடையாமல் கிள்ளி எறிய வேண்டும். உடைந்தால் குழம்பே கசந்துபோகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. குதிரைக்குக் கிடையாது. நம்முடையதைத்தான் டாக்டர்கள் பித்தப்பை என்கிறார்கள்.

அதில் கல் உண்டாவதும் கிராமத்துக்குப் புதுசில்லை. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவார்களே, கோரோசனை, அது மாட்டுப் பித்தப்பையில் உண்டாகும் கல்தான். அசல் சரக்கு தங்கம் மாதிரி விலை. மாட்டு வயிற்றில் விளைந்தால் மருந்து, மனுஷன் வயிற்றில் விளைந்தால் ஆபரேஷன்.

எங்கள் வீட்டம்மாவுக்கு விளைந்திருந்தது மூன்று கல். பெரிசு மொச்சைக்கொட்டை அளவு.

நோம்பிக்குக் கறிச்சோறு சாப்பிட்ட ராத்திரிகளில்தான் வலி வரும். நெஞ்சுக்குழியில் ஆரம்பித்து, வலது விலாவுக்கு அடியில் பிடித்து, முதுகுப் பக்கம் இழுக்கும். ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். விடிந்ததும் அவள் பாட்டுக்குக் கட்டுத்தரைக்குப் போய்விடுவாள். கேட்டால், "கேஸுங்க. ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்." எங்கள் பக்கத்தில் பெண்களின் வயிற்று வலிக்கு இந்த ஒரே பேர்தான். மூன்றாவது தடவை வாந்தியும் சேர்ந்துகொண்டதால் வெறும் வயிற்றோடு கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். கேஸ் இல்லை, கல்.

கல் என்றதும் ஊரே வைத்தியர் ஆகிவிட்டது. பாதிப் பேர் வாழைத்தண்டுச் சாறு என்றார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற கைமருத்துவம் அது. பித்தப்பை இருக்கிற வழியே வேறு, அங்கே அந்தச் சாறு எட்டிக்கூடப் பார்க்காது. இன்னொருத்தர் செல்போனில் வீடியோ காட்டினார். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வருமாம். சோதித்துப் பார்த்த மருத்துவர்கள், அது குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பு மாதிரி உருண்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

டாக்டரிடம், "கல்லை மட்டும் எடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டேன். பையை விட்டுவைத்தால் மறுபடியும் கல் விளையும் என்றார். பித்தத்தைச் சுரப்பது ஈரல்தான். பை அதைச் சேர்த்து வைத்து, நாம் கொழுப்பானதைச் சாப்பிடும்போது பீய்ச்சிவிடுகிறது. எனக்கு இப்படித்தான் புரிந்தது: ஈரல் மாடு, பித்தப்பை பால் கேன். கேன் போனாலும் மாடு கறந்துகொண்டுதான் இருக்கும். பித்தம் கொஞ்சம் கொஞ்சமாக நேரே குடலுக்குப் போய்விடும்.

வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாமாம். வலி கொடுத்த கல்லை நம்ப முடியாது. நழுவிப்போய்க் குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும், கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

இந்தப் பையை முதன்முதலில் வெட்டி எடுத்தவர் ஜெர்மனியின் லாங்கன்புக், 1882ல். அதன்பின் நூறு வருஷம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். துளை போட்டு எடுத்தவரும் ஒரு ஜெர்மானியர்தான், எரிக் முயே, 1985ல். உடனிருந்த டாக்டர்களே முதலில் அவரைக் கேலி செய்தார்கள். மும்பையில் டாக்டர் உத்வாடியா 1990ல் ஆரம்பித்தார். நம் கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு இதில் பேர் பெற்றவர். இன்றைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஏற்றி உப்ப வைக்கிறார்கள். தொப்புள் பக்கம் ஒரு துளை, அதில் கேமரா. மேலே இன்னும் மூன்று. டிவியைப் பார்த்துக்கொண்டே பையின் காம்புக்குக் கிளிப் போட்டு, வெட்டி, துளை வழியாகவே உருவிவிடுகிறார்கள். எடுத்த கல்லைக் குப்பியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவதாம். ரெண்டு நாளில் போய்விட்டது. மூன்றாம் நாள் வீட்டில் இருந்தோம்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் பிரெட்டும் கொடுத்துவிட்டு, "எங்கே, காட்டு கண்ணு" என்றார்கள். நாலு சின்னப் பிளாஸ்திரி. "இவ்ளோதானா? நாலு ஓட்டைதானே!" அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பெரியம்மாவுக்கு 1986ல் இதே ஆபரேஷன். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாகத் தழும்பு. மூணு மாசம் அவரைக் குடத்தைத் தொட விடவில்லை. மாமியாரே சோறாக்கிப் போட்டார். அந்த ஒரு சாண் தழும்புதான் பெரியம்மாவின் லீவு லெட்டர். இவளுக்கு அந்த லெட்டர் இல்லை.

அவளே தனக்கு லீவு இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். அஞ்சாம் நாள் விடிகாலையில் பார்க்கிறேன், கையில் பால் வாளி. "சும்மா படுத்திருந்தா ஊரு என்னங்க சொல்லும்?" என்கிறாள்.

உள்ளே வெட்டியது பெரியம்மாவுக்கு வெட்டியதேதான். வெளியே கீறல் மட்டும்தான் சின்னது. நடக்கலாம், குளிக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம். ஆனால் ஆறு வாரத்துக்குக் கனமானதைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். தூக்கினால் தொப்புள் துளை வழியே குடல் பிதுங்கிவிடலாம். நிறைந்த குடம், தட்டுக்கட்டு, பால் கேன், எல்லாமே கனம்தான்.

பால் கறக்க நான் உட்கார்ந்தேன். கை மாறியதும் செவலை பாலை அடக்கிக்கொண்டது. பதினாலு லிட்டர் ஊற்றிய சொசைட்டியில் ஒன்பதுதான் ஊற்ற முடிந்தது. கடைசியில் அவளை நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் குரல் கொடுக்கக் கொடுக்க நான் கறந்தேன். ஒரு வாரத்தில் மாடு பழகிக்கொண்டது. ஊர் பழகத்தான் ஆறு வாரமும் ஆனது. இப்போது யாராவது "நாலு ஓட்டைதானே" என்றால், அலமாரியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து ஆட்டிக் காட்டுகிறாள். அதற்கப்புறம் பேச்சு வருவதில்லை.

வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் அம்மாவை விட்டிருக்கிறவர்களுக்கு ரெண்டு விஷயம். அம்மா கேஸ் கேஸ் என்று அடிக்கடி சொன்னால் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். வலியோடு கண் மஞ்சளாகவோ குளிர்காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரெண்டாவது, ஆபரேஷன் முடிந்து ஊருக்கு அனுப்பிவிட்டு, "வலி இருக்காம்மா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். "குடம் யார் தூக்கறாங்க, பால் யார் கறக்கறாங்க?" என்று கேளுங்கள்.