கரையில் நடக்கிறவர்

வழக்கறிஞரான நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு பழைய தீர்ப்பைப் பற்றிச் சொன்னார். கார்வேட்டிநகரம் ஜமீனுக்குச் சொந்தமான ஏரிகள் பெருமழையில் உடைந்து, மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குச் சேதம் விளைவித்தன. கம்பெனி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1874-இல் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பானது. ஏரியைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, நினைத்தபோது அதைத் தூர்த்துவிட அவருக்கு உரிமை கிடையாது, எனவே கவனக்குறைவு இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாளி என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

“கவனம்னா என்னன்னு தீர்ப்புல தேடாதே. எங்க ஊருக்கு வா, காட்டுறேன்” என்றார் நண்பர்.

அவர் ஊர் சிவகங்கைச் சீமையில், காளையார்கோவில் பக்கம். ஊர்க் கண்மாயும் ஒரு காலத்தில் ஜமீன் சொத்துதான். 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்கத்திடம் வந்தது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கும் குறைவு என்பதால் இன்று ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கில் இருக்கிறது. உடைமை இப்படிக் கைமாறிக்கொண்டே வந்தாலும் கரையில் நடந்தது ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் கடைசி நீர்பாய்ச்சியைப் பார்க்கத்தான் கார்த்திகை முதல் வாரத்தில் போனேன்.

எழுபதைத் தாண்டியவர். தோளில் மண்வெட்டி, கையில் ஆளுயரக் கம்பு. கண்மாய் முக்கால்வாசி பெருகியிருந்தது. எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்ற முறைக்கணக்கை அவர் விளக்கினார். அதை எழுதும் அளவுக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கம்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

நான்கு எட்டுக்கு ஒருமுறை அதைக் கரையில் ஊன்றுவார். கெட்டியான இடத்தில் கம்பு நிற்கும். எலி வளையோ நண்டு வளையோ உள்ளே ஓடினால் பொதுக்கென்று இறங்கும். அங்கேயே உட்கார்ந்து, வளையைத் தோண்டித் திறந்து, களிமண்ணைப் பிசைந்து அடைத்து, குதிகாலால் மிதித்து இறுக்குகிறார். கரை மேல் முளைத்திருந்த சீமைக்கருவேலங்கன்று ஒன்றை வேரோடு பிடுங்கினார். “இது மரமாயி, பட்டுப்போச்சுன்னா வேரு மக்கி ஓட்டை விழும் தம்பி. அப்புறம் தண்ணிக்கு நாம வழி காட்ட வேண்டியதில்ல.”

வெளிச்சரிவின் அடியில் ஓரிடத்தில் நீர் கசிந்தது. நான் பதறினேன். அவர் குனிந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். தெளிவாக இருந்தது. “மண் கரை கசியத்தான் செய்யும். தெளிஞ்சு வந்தா பயமில்ல. கலங்கி வந்தா, உள்ளுக்குள்ள கரை கரைஞ்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரி ஊரு தூங்கக் கூடாது.”

கலங்கி வந்தால் என்ன செய்வார்? நீர்ப்பக்கம் போய், ஒரு கைப்பதரைத் தண்ணீர்மேல் தூவுவார். ஓட்டைக்கு மேலே பதர் சுழிக்கும். அந்த இடத்தில் மூச்சடக்கி இறங்கி, வைக்கோல் பிரியும் களிமண்ணும் திணிப்பார். வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு வாய் தேடும் என்பது அவர் தகப்பனார் சொல்லிக் கொடுத்தது. பதினெட்டு வயதில் முதல்முறை இறங்கியபோது, உறிஞ்சலில் முழங்கை வரை உள்ளே போய்விட்டது. கூட இருந்த தகப்பனார் குடுமியைப் பிடித்து இழுத்திருக்கிறார். சொல்லும்போது அவருடைய இடது கை தானாக வலது முழங்கையைத் தடவியது.

இந்த வேலைக்குக் கூலி என்ன? முன்பு அறுவடைக் களத்தில் நிலத்துக்கு இத்தனை மரக்கால் என்று நெல் கொடுத்தார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் முதலில் நிறுத்தினார்கள். தரிசு போட்டவர்கள் அடுத்து நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் பாய்ச்சிய அந்தக் குடும்பத்துக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

என் கோபமெல்லாம் கண்மாயை வைத்துப் பிழைப்பவர்கள் மீது. மராமத்து ஒப்பந்தம் எடுத்தவர், கரையின் காலடியிலேயே இயந்திரத்தால் பள்ளம் பறித்து, அந்த மண்ணைத் தண்ணீர் தெளிக்காமல், இறுக்காமல் கரைமேல் கொட்டிவிட்டுப் பில் வாங்கிப் போய்விட்டார். முதல் மழையிலேயே அது ஓடை ஓடையாக அரித்துப்போனதை என் கண்ணால் பார்த்தேன். மீன் குத்தகைக்காரருக்கு நீர் சீக்கிரம் வற்ற வேண்டும். இரவில் மடையைத் திறந்துவிடுகிறார். கடைமடைக்காரர்களுக்கு நீர் கூடுதலாகத் தேங்க வேண்டும்; கழுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். மண் கரைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. உபரி நீர் கழுங்கு வழியே போகாவிட்டால் கரையைத் தாண்டும். தாண்டிய நீர் சில மணி நேரத்தில் கரையை அறுத்துவிடும். கென்யாவின் சோலாய் பகுதியில், தனியார் பண்ணை ஒன்றின் மண் அணை 2018 மே மாதம் ஓர் இரவில் உடைந்து, கீழே குடியிருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சிறிய அணை என்பதால் சாவு சிறியதாக இருப்பதில்லை.

நம் நாட்டில் 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையான அணைகளையும் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கரை மூன்று ஆள் உயரம்கூட இல்லை. அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் இந்த ஒரு கம்புதான் இருக்கிறது. கரை உடைந்தால் முதலில் நீர் புகும் வீடுகள் எவை என்று கேட்டேன். கழுங்கை ஒட்டிய பள்ளத்தில் இருந்த காலனியைக் காட்டினார். அதில் மூன்றாவது வீடு அவருடையது.

ஜமீன்தாரைக் காப்பாற்றிய கவனம் இப்படிப்பட்ட கால்களால்தான் நடந்திருக்கும். அந்தக் கால்களுக்கு இன்று சம்பளமும் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. புதுக் கரைக்குப் பணம் ஒதுக்குகிற அரசு, கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சியை மாதச் சம்பளத்தில் வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் பில்லில் அவருடைய கைநாட்டும் இருக்க வேண்டும்.

அன்று மாலை கழுங்கின் மேல் இருந்த மணல் மூட்டைகளை நாங்கள் மூவருமாக இறக்கினோம். தை அறுவடையிலிருந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கொடுக்க, நண்பர் ஆயக்கட்டுக்காரர்களிடம் பேசி வருகிறார். இதுவரை நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.