வலி தாங்குற ஒடம்பு

'சேரிப் பொம்பளைங்களுக்கு வலி தெரியாது' என்று ஊர்த்தெருவில் ஒரு பேச்சு உண்டு. நாத்து நட வந்தவள் வரப்பிலேயே பிள்ளை பெத்தாள், மூணாம் நாள் கழனியில் இறங்கினாள் என்று கதை சொல்வார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். உள்ளே இருப்பது கூலிக் கணக்கு. வலிக்காத ஒடம்புக்கு ஓய்வு எதுக்கு?

ஏழாம் மாசத்தில் எனக்குக் கவட்டையில் வலி எடுத்தது. ஒத்தைக் காலில் நின்று பாவாடை மாட்ட முடியாது. பஸ் படி ஏறினால் எலும்பு பிளக்கும். ராத்திரி புரண்டு படுக்க அம்மா கை கொடுக்கணும். ஆஸ்பத்திரியில் சொன்னேன். "உழைக்கிற ஜனம், இதையெல்லாம் பெருசு பண்ணலாமா?" என்றார் நர்சம்மா. எம்.ஏ. படித்தவளுக்கே இந்தப் பதில். நிறைமாசத்தில் குனிந்து நடவு நட்ட என் சித்தி யாரிடம் சொல்லியிருப்பாள்?

கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். இடுப்பெலும்பு ஒரே எலும்பு இல்லை. முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முதுகெலும்போடு சேருமிடத்தில் இரண்டு மூட்டு. கர்ப்பத்தில் ரிலாக்சின் போன்ற சுரப்புகள் மூட்டைக் கட்டியிருக்கும் நார்களை இளக்குகின்றன. மூட்டுகள் சீராக அசையாமல், வயிற்றுப் பாரமும் சேரும்போது வலி வருகிறது. கர்ப்பிணிகளில் சுமார் ஐந்தில் ஒருத்திக்கு இது உண்டு. பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. பெரும்பாலும் பிரசவத்துக்கப்புறம் தணிந்துவிடும்.

அதுவரை பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. புரளும்போது ரெண்டு முட்டியையும் சேர்த்துத் திரும்புங்கள். ஒருக்களித்துப் படுத்து, முட்டிக்கு நடுவே பழைய புடவையை மடித்து வையுங்கள். உட்கார்ந்து துணி உடுத்துங்கள். ஒரு பக்க இடுப்பில் குடமோ பிள்ளையோ வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவைக் கேளுங்கள், பயிற்சி சொல்லித் தருவார்கள். ஆனால் ரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் ஒழுகினாலோ, காய்ச்சல், நீர்க்கடுப்பு வந்தாலோ, நாள் ஆவதற்கு முன்பே விட்டுவிட்டு வலித்தாலோ அது வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குடம் வேண்டாம் என்று எழுதுவது சுலபம். தண்ணி யார் தூக்குவது? தமிழ்நாட்டில் அரசு வேலைக்காரிக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. 1961ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரம் ஆக்கியது. நடவுக்குப் போகிறவள் ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போச்சு.

கூலி பேசுகிற கூட்டத்தில் இதையும் பேசணும். அதுக்கு முன்னாடி, கூட்டத்துக்கு வருகிற எங்கள் ஆம்பளைங்க வீட்டுக் குடத்தைத் தூக்கட்டும்.