கோவேறு கழுதை எதுவரை போகிறது?

ஜூன் முதல் வாரம் ஹம்ப்தா கணவாய்க்குப் போகலாமா என்று கேட்கும் தோழர்களிடம் நான் தேதியைப் பற்றிப் பேசுவதில்லை. மணாலிக்கு மேலே, சுமார் 4,270 மீட்டர் உயரம். மலையேற்ற நிறுவனங்களின் அட்டவணையில் தேதி இருப்பதால் பாதையில் பனி விலகியிருக்கும் என்று அர்த்தமில்லை.

முதலில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். கோபர்நிகஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். சாதாரணப் படத்தில் மேகமும் பனியும் ஒரே வெள்ளை. குறு அலை அகச்சிவப்பு (SWIR) வண்ணச் சேர்க்கைக்கு மாற்றினால் பனி நீலமாகத் தனித்துத் தெரியும். குல்லு பக்கம் பச்சையாக இருக்கிறதே என்று பையைக் கட்டிவிடாதீர்கள். கணவாயைத் தாண்டி லாஹவுல் பக்கம் இறங்குவது செங்குத்துச் சரிவு, அங்கே பனி கிடந்தால்தான் ஆபத்து. இறங்கிச் சேரும் சத்ருவுக்குச் சாலை திறந்துவிட்டதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

ஆனால் பனி எங்கே கிடக்கிறது என்பதை மட்டும்தான் படம் காட்டும். அது காலைத் தாங்குமா, ஓடைமேல் இருக்கும் பனிப்பாலம் மெலிந்துவிட்டதா, எத்தனை மணிக்கு இளகி முழங்கால்வரை புதையும் என்பதெல்லாம் சுமை தூக்குபவர்களுக்கும் ஆட்டுமந்தையோடு மேலேறும் மேய்ப்பர்களுக்கும்தான் தெரியும். போனில் கேளுங்கள். என் உடைந்த இந்தியே போதுமானதாக இருந்தது.

கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். "போக முடியுமா அண்ணா?" என்று கேட்டால், நாட்கூலியில் வாழ்பவர் என்ன சொல்வார்? முடியாது என்றால் அவருடைய நான்கைந்து நாள் கூலி போய்விடும். அதனால் நான் கேட்பது: "கடைசியாக எப்போது மேலே போனீர்கள்? கோவேறு கழுதை எதுவரை போகிறது?"

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பனி ஆழமாக இருந்தால் கழுதை நின்றுவிடும், அங்கிருந்து சுமை மனித முதுகுக்கு மாறும். நாம் ஷூவில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு நடப்போம். சமையல் பாத்திரமும் கூடாரமும் சுமந்து வருபவர் ரப்பர் ஷூவில் அதே சரிவில் இறங்குவார். பார்த்திருக்கிறேன்.

தரையில் கிடக்கும் பனியோடு கணக்கு முடிவதில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் இறந்தார்கள். கிளம்பும் நாள்வரை வானிலை அறிவிப்பையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஒருமுறை நாங்கள் இப்படி விசாரித்துவிட்டுப் பயணத்தை மூன்று வாரம் தள்ளிவைத்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பேசி வைத்திருந்தவருக்குப் பாதிக் கூலி அனுப்பினோம். இப்போதெல்லாம் செலவுக் கணக்கு எழுதும்போதே அதற்கு ஒரு வரி ஒதுக்கிவிடுகிறோம், இரும்பு முள் வாங்குவதையும் சுமை தூக்குபவரைச் சேர்த்தே எண்ணுகிறோம்.