ஏறாவூரில் முடியும் தண்ணீர், ஏறாவூரைக் கடக்கும் கோச்சி

கல்முனைப் பக்கமிருந்து ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு வரும் மட்டக்களப்பு வாவி ஏறாவூரோடு முடிந்துபோகிறது. ஒரு காலத்தில் அதுதான் இந்த மாவட்டத்தின் பெருந்தெரு. வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே நெல்மூட்டையும் ஆட்களும் தோணியில்தான் போய்வந்தார்கள். உறுகாமம் குளத்து வாய்க்கால் வயலுக்கு, வாவி பயணத்துக்கு. கொழும்புக்குப் போகிறவர் கப்பல் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுவண்டியில் காட்டுவழி. அந்தக் காட்டுவழியின் யோக்கியதை புணாணைச் சிறுத்தையைக் கேட்டால் தெரியும். ஆட்களைத் தின்று பழகிய அதை 1924இல் சுட்டார்கள். பாடம்செய்த உடல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாலே வருடத்தில், 1928இல், அதே புணாணைக்குள்ளால் கோச்சி வந்துவிட்டது. (புகையிரதம் என்பது பெயர்ப்பலகைத் தமிழ். எங்கள் வாயில் கோச்சிதான்.) மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்லோயாவில் திருகோணமலைக் கிளையை அனுப்பிவிட்டு, பொலனறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வருகிறது. கடைசித் துண்டு பழங்கதை ஒன்றின் மேலேயே போகிறது. முக்குவர் குலத்தார் பட்டாணிய முஸ்லிம்களைத் துணைக்கு வைத்துத் திமிலர் குலத்தாரை வடக்கே துரத்தினார்களாம். பகைவரை வென்ற இடம் சத்துருக்கொண்டான், வந்து களைப்பாறியது வந்தாறுமூலை, எதிரி திரும்பி ஏறி வராமல் காவல் நின்றது ஏறாவூர். சரித்திரமோ, பெயருக்குக் கட்டிய கதையோ, கோச்சி யன்னலோரம் இருந்து வாசிக்க நல்ல வரிசை.

இந்தப் பாதையில் எனக்குப் பிடித்தவை பாலங்கள். மணம்பிட்டியில் மகாவலிக்கு மேலும் ஓட்டமாவடியிலும் முன்பு கோச்சிக்கும் லொறிக்கும் சைக்கிளுக்கும் ஒரே இரும்புப் பாலம்தான் இருந்தது. கோச்சி வருகிறது என்றால் படலை விழும். மற்ற எல்லாரும் காத்துக்கிடந்தார்கள். மணம்பிட்டியில் ஜப்பான் உதவியில் கட்டிய புதிய வீதிப்பாலம் 2007இல்தான் திறந்தது.

இன்னொன்று டேப்லட். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கோச்சி எதிரெதிரே வந்துவிடாமல் காத்த உலோக வில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டேசனிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவே மின்கம்பி. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது போய்ச் சேரும்வரை இரண்டு பெட்டியும் பூட்டு. மற்ற வில்லை வெளியே வராது. எடுத்ததைத் தோற்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, சாரதியிடம் நீட்டுவார்கள். அது கையில் இல்லாமல் அவர் நகரக்கூடாது. கணினி இல்லாத காலத்து மூளை. இன்றும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

போர்க்காலத்தில் வருடக்கணக்காக மட்டக்களப்புக்குக் கோச்சி இல்லை. மீண்டும் உதயதேவி என்ற கோச்சி ஓடத் தொடங்கியபோது ஊரில் கோச்சியே பார்க்காத பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள்.

மரபுரிமை என்றால் நாம் ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான் ஆட்களைக் கூட்டிப்போகிறோம். இடிந்து கிடந்தால்தான் மதிப்பு என்று யார் சொன்னது? இரும்புக்குக் கிலோக்கணக்கில் விலை பேசும் காலம் இது. புதிய சிக்னல் வரும் நாளில் ஒரு டேப்லட் பெட்டியையும் ஒரு வளையத்தையும் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே, பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கும்படி, வைத்துவிடுங்கள்.