கரி லாரியும் காற்றுக் குழாயும்

பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் லோடு லாரி திணறுவதைப் போன்ற தர்மசங்கடம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. இரு பக்கமும் கடல். பின்னாலோ இராமநாத சுவாமி தரிசனத்துக்கு விரையும் மோட்டார்களின் வரிசை. 1988-ம் வருஷம் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், அரிசி மூட்டை ஏற்றிய நமது பழைய லாரி சென்ற மாதம் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஆமையாய் ஊர்ந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாம், பின்னால் எழுந்த ஹாரன் கோஷத்தைக் கேட்டு, கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

நமது லாரிக்குப் பிரதானத் தொழில் கரி சுமப்பது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கங்களில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். மழை பொய்த்த வருஷத்திலும் பல வீடுகளில் அடுப்பு எரிய வழி செய்வது அந்த அந்நிய மரந்தான். ஆகையால் அதை நாம் அதிகமாக ஏசுவதில்லை. கரித்தூளைப் பற்றி மட்டும் அவ்வளவு தாராளமாகப் பேச முடியாது.

"காத்து பத்தலை, முதலாளி" என்றார் மெக்கானிக். காற்றுக் குழாயை டிரைவர் அறையின் கூரைக்கு மேல் உயர்த்தவேண்டுமாம். அதைப் பெரிதாக்கி இரண்டாவது பில்டர் ஒன்றும் வைக்கவேண்டுமாம். அத்துடன் மானிபோல்டைக் கழற்றி, உள்வழிகளைக் கையாலேயே அரம் போட்டு வழவழப்பாக்க வேண்டுமாம். எட்டு நாள் வேலை, நாற்பதாயிரம் ரூபாய். எட்டு நாள் வாடகை நஷ்டம் தனி. கையிலிருந்ததோ மகளின் காலேஜ் சம்பளத்துக்கென்று எடுத்து வைத்த பணம்.

"யந்திரம் மூச்சு விடவேண்டியதுதான். நாம் விடவேண்டாமா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

ஆயினும் யோசனையை உடனே தள்ளிவிட மனம் வரவில்லை. 1939 முதல் 1945 வரை நடந்த உலக மகா யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, தமிழ்நாட்டுச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் போன்ற உலை. அதில் கரியைக் கொட்டி, துருத்தி சுற்றி மூட்டுவார்கள். அரைகுறையாய் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வாயு பிறக்கும். அதைக் குளிரச் செய்து, தூசு நீக்கி, காற்றுடன் கலந்து யந்திரத்துக்குள் விடுவார்கள். அதுவும் காற்று வழியில் செய்த மாற்றந்தானே! சக்தியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். இருந்தும் அது பிரயோஜனமா என்று யாரும் விவாதிக்கவில்லை. பெட்ரோல் இல்லை; வேறு வழியும் இல்லை. அன்று கரி வண்டியை இழுத்தது; இன்று வண்டி கரியை இழுக்கிறது. ஆனால் நமக்கு வேறு வழியே இல்லையா என்பது தெரியவேண்டுமல்லவா?

டர்போ இல்லாத ஆறு லிட்டர் டீசல் யந்திரம் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 5,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. வழி அடைபட்டால் காற்றுக் குறையும், டீசலோ குறையாது, எரியாத பாக்கி கரும்புகையாகிறது. அடைப்பை அளக்க நாம் வாங்கிய கருவி, ஐம்பது ரூபாய்க்குக் கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் ட்யூப். அதை வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு நுனியைப் பில்டருக்கு அடுத்த துவாரத்தில் செருகி, யந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டோம். இருபக்கத் தண்ணீருக்கும் 54 சென்டிமீட்டர் வித்தியாசம்! அரை மீட்டரை எட்டினால் பில்டரை மாற்றவேண்டுமென்பது பொதுவான கணக்கு. புதுப் பில்டர் போட்டதும் 21. பில்டரே இல்லாமல் ஒரு கணம் பார்த்ததில் 9. அதாவது, பழைய குழாயின் பாவம் அந்த ஒன்பது மட்டுமே.

"மானிபோல்டுக்குள்ள இருக்கிற தடை இந்த ட்யூபுக்குத் தெரியாதே!" என்றார் மெக்கானிக். நியாயமான ஆட்சேபம். ஆனால் அதே மானிபோல்டுடன் தானே இத்தனை வருஷம் பாலம் ஏறியது?

அளக்கும்போதுதான் டிரைவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பில்டருக்கு அப்பாலுள்ள ரப்பர் ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வடிகட்டாத மணலும் கரித்தூளும் அதன் வழியே நேராக சிலிண்டருக்குப் போய், ரிங்குகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தன. எட்டு நாள் வேலைத் திட்டத்தில் அந்த ஹோஸின் பேச்சே இல்லை!

ஹோஸையும் கிளிப்புகளையும் மாற்றினோம். காலேஜ் சம்பளம் கட்டியாகிவிட்டது. அரம் போடும் வேலையை அடியோடு கைவிட்டோம். குழாயை உயர்த்துவதை மட்டும் கைவிடவில்லை. கரி ஏற்றும் இடத்தில் தாழ்வான குழாய் தூளைத் தின்பது உண்மை. புதுப் பில்டரும் சீக்கிரமே அடையும். மழைக்காலத்தில் கரி லோடு குறையும்போது அதைச் செய்து கொள்ளலாமென்று மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறோம். அவருக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

போன வெள்ளிக்கிழமை அரிசி லோடுடன் டிரைவர் தனியாக இராமேசுவரம் போனார். அக்கரை சேர்ந்ததும் டெலிபோனில் கூப்பிட்டார்.

"புகை?" என்று கேட்டோம்.

"கொஞ்சம் இருக்கு, முதலாளி. ஆனா ஹாரன் யாரும் அடிக்கலை."