அக்கா கூந்தலும் தங்கை கூந்தலும்

ஒரே வயிற்றில் பிறந்தாலும் கூந்தல் ஒன்றாக இருப்பதில்லை, சகோதரிகளே! என் மூத்த பெண்ணுக்கு நேர்க்கூந்தல். இரண்டே நாளில் பிசுக்கு ஏறிவிடும். வாரம் இருமுறை தலைக்கு ஊற்றினால் தீர்ந்தது. இளையவளுக்குச் சுருட்டை. 'குருவிக் கூடு' என்று தோழிகள் கேலி செய்ய, "ஒட்ட வெட்டிவிடு, அம்மா!" என்று அழுதாள்.

வெட்டுவானேன்? தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை சுருள்களைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை, அதனால்தான் வறட்சி. அவளுக்கு வாரம் ஒருமுறைதான் சீயக்காய். முதல் நாள் இரவே நுனிவரை தேங்காயெண்ணெய். ஈரம் காயுமுன் அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்லச் சிக்கெடுப்பேன். கொத்தாக முடி வந்தால் பதறாதீர்கள். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சுருட்டையில் அது சிக்கிக்கொண்டு, சீப்புப் போடும் நாளில் மொத்தமாக வரும்.

இப்போது அவள் கத்திரிக்கோலைக் கேட்பதில்லை. அக்காதான், "எனக்கு ஏன் சுருட்டை இல்லை?" என்கிறாள்!